பில் தட்டில் எவ்வளவு வைப்பது? ஒரு சப்ளையர் மகளின் கணக்கு

அப்பாவின் சட்டைப் பையில் உள்பக்கமாக எப்போதும் ஒரு ஒட்டுத் துணி இருக்கும். சில்லறைக் கனத்தில் பை கிழிந்துவிடுகிறது என்று அம்மா தைத்தது. திருச்சி மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டலில் அவர் 27 வருஷம் சப்ளையராக இருந்தார். இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பரை விரித்துப் பையைக் கவிழ்ப்பார். நாலணா ஒரு குவியல், எட்டணா ஒரு குவியல், ஒரு ரூபாய் தனி. நானும் தம்பியும் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவோம். சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். இந்தக் காசுதான் எங்கள் நோட்டுப் புத்தகம், அம்மாவின் மாத்திரை, எப்போதாவது ஒரு சினிமா. அப்பா இதை டிப்ஸ் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "மேல் வரும்படி" என்பார். அந்த நாலணாவே செல்லாது என்று 2011 ஜூன் மாதத்தோடு அறிவித்தபோது வீட்டில் வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

போன மாதம் தம்பி மகன் போன் செய்தான். படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளத்துக்கு நண்பர்களை ஏசி ஹோட்டலுக்கு அழைத்துப் போயிருக்கிறான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை, பில் 2,340 ரூபாய் வந்திருக்கு. எவ்வளவு வைக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க, சர்வர் பக்கத்துலயே நிக்கறாரு" என்றான். நூறு ரூபாய் வை என்றேன். "பத்து பர்சென்ட்டுன்னு நெட்ல போட்டிருக்கே?" போட்டவர் எந்த ஊரில் சாப்பிட்டாரோ! நூறு வை, ஆனால் நோட்டாக வை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அன்றைக்கு அவசரத்தில் சொல்லாமல் விட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். தொகையெல்லாம் என் வீட்டு வழக்கம், சென்னை விலைவாசிக்கு ஏற்றது. உங்கள் ஊருக்கும் வரும்படிக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் கையில் கொடுக்கும் காசுக்கு ஏகப்பட்ட பெயர் உண்டு. டிப்ஸ், டீக்காசு, இனாம், பேட்டா, தீபாவளிக் காசு, மாமூல், கைமடக்கு. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குவதால்தான் குழப்பம் வருகிறது. பேட்டா என்பது வெளியூர் வண்டி ஓட்டுநரின் சாப்பாட்டுக்கும் படுக்கைக்குமான படி. அது அவர் கூலியில் சேர்ந்தது, நம் தயவில் வருவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தீபாவளிக்குக் கொடுப்பது போனஸ். மாமூலையும் கைமடக்கையும் விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி. காசு தராவிட்டாலும் இந்த வேலை நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால், முடிந்தபின் நானாகக் கொடுப்பது டிப்ஸ். காசைப் பார்த்தால்தான் வேலை நகரும் என்றால் அது வேறு சங்கதி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஹோட்டலில்

என் கணவர் வங்கியில் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில், "சம்பளம் வாங்கறாங்க இல்ல? எனக்கு யாராவது கவுன்ட்டர்ல டிப்ஸ் வைக்கறாங்களா?" என்று கேட்டார். வாதத்தில் அவரை ஜெயிக்க முடியாது. அப்பா 1990-களில் வாங்கிய சம்பளத்தைச் சொன்னேன், பேசாமல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து ஹோட்டலில் என் ராஜ்யம், வீட்டு வாசலில் அவர் ராஜ்யம்.

அப்பா சொல்லிக் கொடுத்தது, பில் தொகையைவிட நடையைக் கணக்கில் எடு என்பது. 90 ரூபாய் நெய் ரோஸ்ட்டையும் 280 ரூபாய் பனீர் மசாலாவையும் சமையலறையிலிருந்து மேசைக்குக் கொண்டுவரும் தூரம் ஒன்றுதான். இலைச் சாப்பாடு பரிமாறுபவரைப் பாருங்கள். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், நடுவில் இரண்டாம் சோறு, குழந்தைக்கு இன்னொரு அப்பளம், தாத்தாவுக்கு வெந்நீர். ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நடை நடந்திருப்பார். பில் என்னவோ நானூறு ஐந்நூறுதான். நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் அவருக்கு இருபது ரூபாய் வரும், பனீர் கொண்டுவந்தவருக்கு நூறு வரும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆகவே என் வழக்கம் இது. இரண்டு பேர் இட்லி, வடை, காபி சாப்பிட்டால் 10 ரூபாய். இலைச் சாப்பாடு என்றால் இரண்டு பேருக்கு 20, குடும்பமாகப் போனால் 50. ஏசி ஹோட்டலில் பில் ஆயிரத்துக்குள் இருந்தால் 50, அதற்கு மேல் இரண்டாயிரம் இரண்டாயிரத்து ஐந்நூறு வரை 100. பத்துப் பேர் கூடிப் பிறந்தநாள் கேக் வெட்டி, க்ரீமை மேசையெங்கும் அப்பி வைத்துவிட்டு எழுந்தால் 300 வையுங்கள், கூசாமல் வையுங்கள். டோக்கன் வாங்கி நாமே எடுத்துக்கொண்டு நின்று சாப்பிடும் கடையில் ஒன்றும் வேண்டாம். பார்சலுக்கும் வேண்டாம். எட்டு சாம்பார் பொட்டலத்தைச் சிந்தாமல் கட்டி, சட்னியைத் தனியாக வைத்து, ஆட்டோ வரை தூக்கி வந்தால் மட்டும் 10, 20.

நெட்டில் பார்க்கும் 15, 20 சதவீதமெல்லாம் அமெரிக்கக் கணக்கு. அங்கே டிப்ஸ் வாங்கும் வேலைக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான். 1991-லிருந்து அது ஏறவில்லை. பல மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கின்றன, மற்ற இடங்களில் டிப்ஸ்தான் உண்மையான சம்பளம். அந்த ஊருக்கு மகனைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே அந்த வழக்கப்படிதான் வைக்க வேண்டும். நம் ஊர்ப் பத்து ரூபாய்ப் பழக்கத்தை அங்கே காட்டினால் அது கஞ்சத்தனம்.

பில்லைப் படிக்காமல் காசு வைக்காதீர்கள். ஜிஎஸ்டி அரசுக்குப் போகிற வரி, அதில் சப்ளையருக்கு ஒரு பைசா கிடையாது. "அதான் வரி போட்டுட்டாங்களே" என்று டிப்ஸை விடுகிறவர்கள் பலர். சேவைக் கட்டணம் என்பது வேறு. பெரிய ஹோட்டல்களில் 5 அல்லது 10 சதவீதம் அவர்களாகவே சேர்த்திருப்பார்கள். அப்படிக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே "இதை எடுத்துடுங்க" என்று நாம் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு இடத்தில் மேலாளர் மறுபேச்சில்லாமல் எடுத்தார். இன்னொரு இடத்தில் இருபது நிமிஷம் நிற்க வைத்து எடுத்தார். எடுத்த பிறகு அதே தொகையைச் சப்ளையர் கையில் கொடுத்தேன், மேலாளர் பார்க்கும்படியாகவே. கொஞ்சம் திமிர்தான். கட்டணத்தை எடுக்கச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கட்டிவிட்டுப் போங்கள், அதற்கு மேல் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம்.

இப்போது எல்லாக் காசும் யுபிஐ-யில் போவதால் வந்த வினை ஒன்று உண்டு. கவுன்ட்டரில் க்யூஆர் அட்டையைக் காட்டும்போது, "340 பில், 400-ஆ போட்டுக்கங்க" என்று சேர்த்து அனுப்பிவிடுகிறோம். அது முதலாளி கணக்கில் போய் உட்காரும். நேர்மையான முதலாளி ராத்திரி எடுத்துக் கொடுப்பார், எல்லாரும் அப்படி இல்லை. கையில் நோட்டு இல்லாவிட்டால், "உங்க நம்பருக்கே அனுப்பிடறேன் தம்பி" என்று சப்ளையரிடம் கேளுங்கள். முதலாளி எதிரில் கேட்காதீர்கள். சில இடங்களில் ஊழியர் தன் நம்பரைக் கொடுத்தால் வேலை போய்விடும். அவர் தலையை ஆட்டி மறுத்தால் புரிந்துகொண்டு விட்டுவிடுங்கள்.

வைத்த காசு யாருக்குப் போகிறது என்பதும் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். அப்பாவின் ஹோட்டலில் ஆளுக்கு நாலு மேசை, அந்த மேசைக் காசு அவரவருக்கு. ஆனால் மேசை துடைக்கிற பையனுக்கு ரூபாய்க்கு நாலணா கொடுத்துவிட வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. வேறு சில இடங்களில் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ராத்திரி கடை சாத்தும்போது பிரிப்பார்கள். எது எப்படியோ, துடைக்க வருபவர் கையில் தனியாக 10 ரூபாய் கொடுப்பது என் பழக்கம். பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்த சின்னப் பையன். அவன் நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் துடைத்துக்கொண்டிருப்பான், நாம்தான் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும்.

நோட்டைத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் செருகாதீர்கள், ஊறிப் போகும். கிழிந்து, வேறெங்கும் செல்லாத நோட்டைத் தள்ளிவிட இது இடம் இல்லை. சோம்பும் சீனியும் வைத்துவரும் பில் தட்டில் வைத்து, சப்ளையர் பக்கம் லேசாக நகர்த்திவிட்டு எழுந்தால் போதும்.

சரி, சாப்பாடு தாமதமாக வந்தால்? அடுப்படிப் பிழையையும் ஆள் பிழையையும் பிரித்துப் பாருங்கள். தோசை மாஸ்டர் ஒருத்தர் லீவு என்றால் சப்ளையர் என்ன செய்வார்? அவர் வந்து வந்து "இதோ ஆயிடுச்சும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வேலையை அவர் செய்கிறார் என்றுதான் அர்த்தம், வழக்கமான தொகையை வையுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை டங்கென்று வைத்தால் ஒன்றும் வைக்காமல் எழுந்துவிடுங்கள். அவமானப்படுத்த என்று ஒற்றை நாணயம் வைக்கும் வேலை வேண்டாம். அப்பாவுக்கு ஒருவர் வேண்டுமென்றே ஐந்து பைசா வைத்துவிட்டுப் போனார். அது நடந்து நாற்பது வருஷம் இருக்கும். இன்றைக்கும் அப்பா சொல்வார்: மூன்றாவது மேசை, ரவா தோசை, ஸ்ட்ராங் காபி. தோசை வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

வீட்டு வாசலில்

பெரம்பூரில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆகவே கேஸ் சிலிண்டர் விஷயத்தில் எனக்கும் கணவருக்கும் பெரிய வழக்கே நடந்தது.

அவர் பக்கம் சட்டம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி, பில் தொகைக்குள்ளேயே அடக்கம். பில்லுக்கு மேல் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. என் பக்கம் மாடிப்படி இருக்கிறது. உள்ளே 14.2 கிலோ எரிவாயு, இரும்பு அதற்கும் கொஞ்சம் மேலே, ஆக ஏறக்குறைய 30 கிலோவைத் தோளில் வைத்து 54 படி ஏறுகிறார் ஒரு மனிதர். இறங்கும்போது காலி சிலிண்டர் வேறு. கடைசியில் நாங்கள் செய்துகொண்ட சமரசம் இது: முதலில் பில், எடை சரிபார்ப்பு, சீல் சரிபார்ப்பு. போனுக்கு வரும் குறியீட்டு எண்ணைச் சிலிண்டர் உள்ளே வந்தபின்தான் சொல்வோம். எல்லாம் முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரும் 40 ரூபாயும். தரைத்தளத்தில் இருக்கும் பக்கத்து வீட்டு மாமி ஒன்றும் தருவதில்லை. அதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒரு முறை புதிதாக வந்தவர், கீழே நின்றுகொண்டே "நூறு ரூபா குடுத்தாதான் மேல வரும்" என்றார். அன்றைக்குக் கணவர் ராஜ்யம்தான். பில்லைக் காட்டினார், பில்லில் இருந்த புகார் எண்ணைக் காட்டினார். சிலிண்டர் மேலே வந்தது. வந்த பிறகு நான் 40 ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அடுத்த மாதம் வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் கேனும் அதே கணக்குதான். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. மாடிக்கு இவ்வளவு என்று கடைக்காரரே கேனுக்கு 5, 10 சேர்த்துவிடுகிறார். அதைத் தூக்கி வருபவருக்கு எதுவும் போவதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே மாதக் கடைசியில் அந்தத் தம்பி கையில் 50 ரூபாய் தனியாக.

சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளுக்குச் செயலியிலேயே டிப்ஸ் போட வழி இருக்கிறது, முழுத் தொகையும் அவருக்கே என்று அதிலேயே எழுதியிருக்கும். எனக்கு ஆர்டர் போடும்போதே டிப்ஸ் போடுவது பிடிக்காது, பரிமாறும் முன் இலைக்குக் காசு வைத்த மாதிரி இருக்கிறது. வந்து நிற்கும்போது 20 ரூபாய் கையில். மழை கொட்டினால், இரவு பத்துக்கு மேல் ஆனால், ஏப்ரல் மே மாதத்தில் மதியம் ஒன்றிலிருந்து நாலுக்குள் என்றால் 40. அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. சரியான இடக்குறி போட்டு, போன் அடித்ததும் எடுத்து, முடிந்தால் கீழே இறங்கிப் போய் வாங்கிக்கொள்வது. அவர்களுக்கு நேரம்தான் காசு. நம் மூன்று மாடியில் ஆறு நிமிஷம் போனால் அடுத்த ஆர்டர் போச்சு.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ மாதிரிக் கனமான சாமான் வந்தால் ஆளுக்கு 100, டீயும் சேர்த்து. இரண்டு பேர் தூக்கிவந்து, ஒருவரிடம் மட்டும் மொத்தமாகக் கொடுத்தால் கீழே போய்ச் சண்டை நடக்கும். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள்.

வண்டியில்

ஆட்டோவில் டிப்ஸ் என்ற பேச்சுக்கே சென்னையில் இடம் குறைவு. 2013-ல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதற்குப் பிறகு பெட்ரோல் எங்கேயோ போய்விட்டது. ஆகவே எல்லாமே பேரம்தான், பேரத்தில் டிப்ஸ் உள்ளே வந்துவிடுகிறது. பெரிய பெட்டியை ஏற்றி இறக்கினால், மருந்துக்கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் 20 கூட்டிக் கொடுங்கள். மீதி மூன்று ரூபாய் நாலு ரூபாய்க்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

வண்டி கூப்பிடும் சில செயலிகளில் "முன்கூட்டியே டிப்ஸ் சேர்த்தால் சீக்கிரம் வண்டி கிடைக்கும்" என்று வரும். வேலை நடக்குமுன் கொடுப்பதும், கொடுத்தால்தான் நடக்கும் என்பதும் டிப்ஸ் ஆகாது, அது ஏலம். 2025 மே மாதம் இதைக் கேள்வி கேட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவசரம் என்றால் ஏலத்தில் கேளுங்கள், ஆனால் ஏலம் என்று தெரிந்து கேளுங்கள்.

வெளியூருக்குக் காரில் போவதானால் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: பேட்டா வாடகையில் சேர்ந்ததா, தனியா? இரவு பத்துக்கு மேல் ஓட்டினால் இரட்டைப் பேட்டாவா? ஓட்டுநர் எங்கே படுப்பார்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாங்கள் கொடைக்கானல் போனபோது நாங்கள் தங்கிய விடுதியில் ஓட்டுநருக்கு இடம் இல்லை என்பது ராத்திரிதான் தெரிந்தது. அந்தக் குளிரில் மனிதர் காருக்குள்ளேயே படுத்தார். எங்கள் பிழை அது. இறங்கும்போது 500 ரூபாய் கொடுத்தேன், ஆனாலும் மனது சரியாகவில்லை. இப்போதெல்லாம் அறை போடும்போதே ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்று கேட்டுவிடுகிறேன். பேட்டா போக, பயணம் நல்லபடியாக முடிந்தால் நாளுக்கு 100 என்று கணக்கு வைத்துக் கடைசி நாளில் தருவது என் வழக்கம். வண்டி முதலாளிக்கு அனுப்பும் வாடகையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள்.

சலூனுக்கும் அழகு நிலையத்துக்கும் இதையே நீட்டிக்கொள்ளலாம், முதலாளியே கத்தரிக்கோல் பிடித்தால் வேண்டாம், சம்பளத்துக்கு நிற்பவர் என்றால் 20, 30. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்தான், நாலு சக்கரத்துக்கும் குனிந்து நிமிர்பவருக்குப் பத்து ரூபாய்.

தீபாவளியும் கல்யாணமும்

ஐப்பசி பிறந்ததும் வாசலில் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். கதவைத் திறந்து திறந்து பர்ஸைத் தேடினால் எரிச்சல்தான் வரும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே கவர் போட்டு வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: தெருவில் குப்பை எடுக்கும் இரண்டு பேருக்கு ஆளுக்கு 301, அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு 501, பால் பாக்கெட் போடுபவருக்கும் பேப்பர் போடும் பையனுக்கும் 201, இஸ்திரி போடும் அண்ணனுக்கு 201. கவர் மேல் பெயரை எழுதுங்கள். 'வாட்ச்மேன்' என்று எழுதாமல் அவர் பெயரையே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ள இது நல்ல சாக்கு.

குப்பை எடுப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு வேறு ஆட்களும் வருவார்கள். தினமும் காலையில் யார் வண்டி தள்ளி வருகிறார் என்று எழுந்து பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் வராது. தபால்காரர் அரசு ஊழியர், அவருக்கு எங்கள் வீட்டில் காசு கிடையாது, முறுக்கும் லட்டும் போட்ட டப்பா மட்டும்.

வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், கூட ஒரு புடவை. "போன வருஷப் புடவை ஒன்னு பிரிக்காம இருக்கே" என்று பீரோவைத் துழாவாதீர்கள். காசைத் தீபாவளிக்கு முந்தின நாள் கொடுத்துப் பயன் இல்லை. அவர் பிள்ளைகளுக்குத் துணி வாங்கப் பத்துப் பதினைந்து நாளாவது வேண்டும்.

கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டருக்கு வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும் மரியாதை இன்னும் இருக்கிறது, நல்லது. பின்னால் எச்சில் இலை எடுக்கும் பெண்களையும் அண்டா தேய்க்கும் பெண்களையும்தான் மறந்துவிடுகிறோம். காண்ட்ராக்டரிடம் கொடுத்தால் அவர்களுக்குப் போய்ச் சேருமென்று நம்ப வேண்டாம். தம்பி கல்யாணத்தில் கடைசிப் பந்தி முடிந்ததும் அப்பாவே பின்கட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு கவர் கொடுத்தார். சம்பந்தி வீட்டார் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கொடுக்கக் கூடாத இடமும் கை தடுமாறும் இடமும்

அரசு ஆஸ்பத்திரியில் என் சித்தி மகளுக்குப் பிரசவம். ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு தொகை, குழந்தையைக் காட்ட ஒரு தொகை. ஆண் குழந்தை என்றால் கூட, பெண் குழந்தை என்றால் கொஞ்சம் சலுகை! "சந்தோஷமா குடுங்க" என்று சொல்லித்தான் கேட்டார்கள். இது டிப்ஸ் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் கொண்டுவந்த திருத்தப்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்தார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இதையெல்லாம் வாசலில் நின்று சொல்வது சுலபம், உள்ளே நம் வீட்டுப் பெண் படுத்திருக்கும்போது கஷ்டம். எங்கள் சித்தி கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கு நெஞ்சுரம் இருந்தால், "பணியில் இருக்கும் டாக்டரிடம் கேட்டுட்டுத் தர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில், அம்மாவைப் பத்து நாள் குளிப்பாட்டித் தலை வாரிவிட்ட ஆயாம்மாவுக்கு வீட்டுக்குப் போகும் அன்று 500 கொடுத்தேன். அதை முதல் நாளே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. அம்மாவுக்குக் கூடக் கவனிப்பு கிடைத்திருக்கும், பக்கத்துக் கட்டில் பாட்டிக்குக் குறைந்திருக்கும்.

கோயிலில் மொட்டை போடும் இடத்தில்தான் என் கை தடுமாறும். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது, மொட்டை போடும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. ஐயாயிரத்தில் ஒரு குடும்பம் எப்படி ஓடும்? பேரனுக்கு மொட்டை போடப் போனபோது, கத்தியை எடுக்கும் முன்பே "ஐந்நூறு வைங்க" என்றார் ஒருவர். அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் உட்கார்ந்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை. குழந்தை அழாமலிருக்க ஏதேதோ பாட்டுப் பாடிக்கொண்டே வழித்தார். முடித்ததும் 200 கொடுத்தேன். முதலில் கேட்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் இதே தொகைதான் கிடைத்திருக்கும், கேட்காமல் இருந்திருந்தால்.

சில்லறை

மேலே சொன்ன எதுவும் கையில் பத்து இருபது நோட்டு இல்லாவிட்டால் நடக்காது. இன்றைக்கு டிப்ஸ் குறைந்துபோனதற்குக் கஞ்சத்தனத்தைவிட, பர்ஸில் நோட்டே இல்லாததுதான் காரணம் என்பது என் எண்ணம். ஏடிஎம்மில் பெரும்பாலும் பெரிய நோட்டுதான் வருகிறது. மாதம் ஒரு தடவை வங்கிக் கவுன்ட்டரில் ஒரு கட்டு இருபது ரூபாய் நோட்டு கேளுங்கள், காலையில் போனால் கிடைக்கும். பூக்காரம்மாவிடமும் காய்கறிக் கடையிலும் ஐந்நூறை மாற்றிக்கொள்ளலாம், அவர்கள் வியாபாரம் முடிகிற நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் செருப்பு அலமாரி மேல் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதில் எப்போதும் 10, 20 ரூபாய் நோட்டு நானூறு ரூபாய்க்காவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மணி அடித்தால் யார் கதவைத் திறந்தாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார், வயது 81. காலை நடைக்குக் கிளம்பும்போது அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டு எடுத்துக்கொள்கிறார். முனைக் கடையில் டீ 15 ரூபாய், அது அவர் பென்ஷன் காசு. இந்தப் பத்து கிளாஸ் கழுவும் பையனுக்கு. "டீக்கடையிலெல்லாம் யாரு டிப்ஸ் வைப்பாங்க மாமா?" என்று ஒரு நாள் கணவர் கேட்டார். அவன் என் மூன்றாவது மேசைப் பையன் ஜாடையில் இருக்கிறான் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.